கேட்டு வைத்த கண்ணும் கேட்காமல் வைத்த கண்ணும்



வழக்கமாக நான் இங்கே ஒற்றுப் பிழைகளைப் பற்றியோ, கட்டுரைப் பயிற்சியைப் பற்றியோ, மாணவர்களின் வாசிப்புப் பழக்கத்தைப் பற்றியோ எழுதுவேன். இன்று வேட்டையைப் பற்றி எழுதப் போகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கும் வேட்டைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். கடந்த மாதம் ஒரு புதன்கிழமை ஓய்வுநேரம் வரையில் நானும் தொடர்பில்லை என்றுதான் எண்ணியிருந்தேன்.

அன்று ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி சிற்றுண்டிச் சாலைக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். மணி அடித்தும் வகுப்புக்கு வரவில்லை. நெடுநேரம் கேட்ட பிறகே வாய் திறந்தாள். வகுப்புத் தோழன் ஒருவன், "உங்கம்மா காட்டுல சட்டை மாத்துற படத்த எங்கப்பா போன்ல பார்த்தேன்" என்று நான்கு பேர் முன்னிலையில் சொல்லிச் சிரித்திருக்கிறான். அவனுக்கும் வயது பதினொன்றுதான். தான் சொன்னதன் கனம் அவனுக்குத் தெரியவில்லை. அந்தச் சிறுமிக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் படத்தை எடுத்தது எந்த மனிதரும் அல்லர். காட்டோரத்தில் மரமொன்றில் கட்டி வைக்கப்பட்டிருந்த வேட்டைக் கேமரா அது. ஆளில்லாமலே படம் பிடிக்கும் அந்தக் கருவியைப் பற்றியும், அதைக் கட்டியவரின் கடமையைப் பற்றியும், அதைக் கண்டவரின் கடமையைப் பற்றியும் சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன்.

பலர் நடக்கும் நிலம்

கோலா பிலாவை அறியாதவர்களுக்குச் சில வரிகள். சிரம்பானிலிருந்து புக்கிட் புத்துஸ் மலைப்பாதையில் ஏறி இறங்கினால் வரும் ஊர் இது. சுற்றிலும் மலாய்க் கம்பங்கள், சிறுதோட்டக்காரர்களின் பால்மரங்கள், செம்பனைத் தோட்டங்கள், அவற்றுக்குப் பின்னால் மேடேறிச் செல்லும் காடு. 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்ட வரலாற்றை நம் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. இந்த வட்டாரத்தில் ஒரு காட்டுப்பன்றி ஓரிரவில் நான்கு பேருடைய எல்லைகளைக் கடந்துவிடும். பன்றிக்கு நிலப்பட்டா தெரியாது.

மனிதர்களும் அப்படித்தான். ஒரே ஒற்றையடிப் பாதையில் காலையில் பால்மரம் சீவுபவர் போகிறார். பகலில் செம்பனையின் உதிரிப்பழம் பொறுக்கும் பெண்கள் போகிறார்கள். காட்டுப் பொருள் சேகரிக்கும் தெமுவான் பூர்வகுடியினர் போகிறார்கள். மாலையில் தூண்டிலோடு பையன்கள் போகிறார்கள். இரவில் வேட்டைக்காரர் போகிறார். நிலம் யாருடையது என்று பத்திரம் சொல்லலாம். பாதை யாருடையது என்று எந்தப் பத்திரமும் சொல்வதில்லை.

நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். என் தந்தையார் பால்மரம் சீவியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வேட்டைக் கூட்டத்தோடு போவார். அந்நாளில் அவர்களுக்குள் எழுதாத விதிகள் சில இருந்தன. சுட்டவருக்கு ஒரு பங்கு, நாய்க்காரருக்கு ஒரு பங்கு, தடம் கண்டு சொன்னவருக்கும் ஒரு பங்கு. ஒருவர் காத்திருக்கும் மரத்தடிக்கு இன்னொருவர் போகமாட்டார். எந்தப் பக்கம் போகிறோம் என்பதை முதல் நாளே மண்டோரிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். குறி தவறினால் யார் மீது பாயும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்றைய வேட்டைக்காரரின் கையில் புதிய கருவி இருக்கிறது. ஆனால் அதற்கான புதிய விதி இன்னும் பிறக்கவில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நடந்தது என்ன?

அந்தத் தாய் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை செய்பவர். ஒரு நாள் பிற்பகல் திடீரென்று மழை கொட்டியது. மழை விட்டதும், நனைந்த சட்டையை மாற்றிக்கொள்ள ஓடையோரமாக உள்ள பழைய கொட்டகைக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கிறார். அந்த ஓடைக்குப் பன்றிகள் தண்ணீருக்கு வரும் தடத்தைப் பார்க்க, எதிர்மரத்தில் கேமரா கட்டப்பட்டிருந்தது அவருக்குத் தெரியாது.

கட்டியவர் பக்கத்துத் தோட்டத்து இளைஞர். இருபது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்தவர். துப்பாக்கி உரிமமும் வேட்டை உரிமமும் வைத்திருக்கிறார். தோட்ட அலுவலகத்தில் அனுமதிக் கடிதமும் வாங்கியிருக்கிறார். கேமராவின் நினைவட்டையை எடுத்து வந்தவர், அதிலிருந்த படங்கள் அனைத்தையும் பார்க்காமலே தம் வேட்டைக் கூட்டத்தின் புலனக் குழுவில், அதாவது வாட்ஸ்அப்பில், போட்டுவிட்டார். பெரும்பாலானவை காற்றில் அசைந்த இலைகளின் படங்கள். சில பன்றிகள். ஒன்று மட்டும் அந்தத் தாயுடையது. குழுவிலிருந்த ஒருவர் அதைக் கேலி வார்த்தைகளோடு வேறொரு குழுவுக்கு அனுப்பினார். மூன்றே நாளில் தோட்டம் முழுவதும் பரவிவிட்டது.

நான்காம் நாள் அந்தத் தாயின் தம்பி பாராங் கத்தியோடு காட்டுக்குள் போனார். அந்தக் கேமராவை வெட்டி நொறுக்கினார். நினைவட்டையை ஓடையில் எறிந்தார். கோபம் அடங்காமல், அதே வரிசையில் மேலும் தள்ளி இருந்த இரண்டு கேமராக்களையும் உடைத்தார். அவை வேறு ஆட்களுடையவை. இந்தப் படத்துக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பிறகு வழக்கமானவை நடந்தன. காவல் நிலையத்துக்குப் போவோம் என்று இரு தரப்பும் சொல்லின. கோவில் கூட்டத்தில் இரு குடும்பமும் முகம் திருப்பிக்கொண்டன. இரண்டு வாரம் கழித்து, உடைந்த கேமரா ஒன்று இருந்த இடத்துக்கு அருகில், யாரோ வைத்த சுருக்குக் கம்பியில் ஒரு வேட்டை நாய் மாட்டிக் கால் அறுந்தது. கம்பியை வைத்தவர் யார்? தெரியாது. பார்த்திருக்கக்கூடிய கண் முன்பே உடைக்கப்பட்டுவிட்டது.

நான் இரண்டு வீட்டுக்கும் போனேன். "வாங்க டீச்சர்" என்று அந்தத் தாய் நாற்காலி எடுத்துப் போட்டார். நெடுநேரம் எதுவும் பேசவில்லை. கடைசியில், "பதினெட்டு வருசமா அந்த ஓடைப் பக்கம் போறேன் டீச்சர். இப்பத்தான் அங்க யாரோ நிக்கிற மாதிரியே இருக்கு" என்றார்.

இளைஞரின் வீட்டில் அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். "சத்தியமா பன்னிக்குத்தான் வச்சேன் டீச்சர்" என்றார்.

"அந்த வழியா ஆளுங்க போவாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் டீச்சர்."

"அவங்ககிட்ட சொன்னியா?"

"ஆபீஸ்ல கடுதாசி வாங்கினேனே டீச்சர்..."

வாசகர்களே, இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு பதிலைப் பற்றியதுதான். நிலத்தின் உரிமையாளர் தந்த அனுமதி, அந்த நிலத்தில் நடப்பவர்கள் தந்த அனுமதி ஆகுமா? ஆகாது என்பது என் கருத்து.

வேட்டைக்காரர் கையில் பிறந்த கருவி

கேமராவைப் பழித்து எழுதுவது என் நோக்கமன்று. அதன் வரலாறு மதிக்கத்தக்கது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் என்பவர் வேட்டைக்காரராக இருந்து, பிறகு துப்பாக்கிக்குப் பதிலாகப் படக்கருவியைக் கையில் எடுத்தவர். வழியில் கட்டிய கம்பியை விலங்கு இடறினால் ஒளி பளிச்சிட்டுப் படம் விழும்படி அமைத்தார். அவர் எடுத்த இரவுப் படங்களை 1906-இல் நேஷனல் ஜியாக்ரபிக் இதழ் வெளியிட்டது. இந்தியாவில் வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் இதே முறையில் காட்டுப் புலிகளைப் படமெடுத்து 1927-இல் நூலாக வெளியிட்டார். 1990களில் கர்நாடகத்து நாகரஹொளேயில் உல்லாஸ் காரந்த், புலியின் வரிகளைக் கொண்டு ஒவ்வொரு புலியையும் தனித்தனியே அடையாளம் கண்டு எண்ணும் முறையைக் கேமராவின் துணையோடு நிலைநாட்டினார். இந்தியாவின் 2018-ஆம் ஆண்டுப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. ஏறத்தாழ 3 கோடியே 48 லட்சம் படங்கள் கிடைத்தன. அது கின்னஸ் சாதனையாகவும் பதிவாயிற்று.

நம் நாட்டுக் கதை இன்னும் சுவையானது. தீபகற்ப மலேசியாவின் சிறுத்தைகளில் மிகப் பெரும்பாலானவை கருஞ்சிறுத்தைகள். உடல் முழுவதும் கறுப்பாகத் தெரிவதால், ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய முடியாமல் இருந்தது. அகச்சிவப்பு ஒளியில் எடுத்தால் அந்தக் கறுப்புக்குள் மறைந்திருக்கும் புள்ளிகள் தெரியும் என்பதைத் திரெங்கானுவில் நடந்த ஆய்வு காட்டியது. 2015-இல் வெளியான அந்த ஆய்வால் சிறுத்தைகளை எண்ண முடிந்தது. இதை வகுப்பில் சொன்னபோது என் மாணவர்கள் வாய்பிளந்து கேட்டார்கள்.

இன்று சில நூறு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் வேட்டைக் கேமராவும் இதே வகைதான். முன்னால் உள்ள உணர்கருவி, வெப்பமுள்ள உடல் அசைவதை உணர்கிறது. உடனே படம் எடுக்கிறது. இரவில் கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பயன்படுத்துகிறது. சில வகைகள் படத்தை அப்போதே கைப்பேசிக்கும் அனுப்பிவிடுகின்றன. பன்றியின் சூட்டையும் பெண்ணின் சூட்டையும் அந்த உணர்கருவி வேறுபடுத்தாது. கருஞ்சிறுத்தையின் மறைந்த புள்ளியைப் பார்க்கத் தெரிந்த கண், மனிதர் மறைக்க விரும்புவதையும் பார்த்துவிடும். வேறுபடுத்த வேண்டியது கட்டியவரின் வேலை.

உடைப்பது தவறே

முதலில் தம்பியின் பக்கம் உள்ள தவற்றைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய வேதனை எனக்குப் புரிகிறது. ஆயினும் அவர் செய்தது தவறு. பிறர் பொருளை எடுப்பதும் சேதப்படுத்துவதும் நம் குற்றவியல் சட்டத்தில் குற்றங்கள். அதைவிட முக்கியமானது, அவர் தம் அக்காளுக்கு நேர்ந்த கொடுமைக்கான சான்றையும் சேர்த்தே ஓடையில் எறிந்துவிட்டார். தொடர்பில்லாத இருவருடைய பொருளையும் அழித்து, நியாயம் தம் பக்கம் இருந்த இடத்தில் அதைக் குறைத்துக்கொண்டார்.

கேமராவைக் கெடுப்பது என்றால் உடைப்பது மட்டுமன்று. வேட்டைக்காரர்கள் நடுவே இதைவிட நுட்பமான வழிகள் பல உண்டு. முகத்தை வேறு பக்கம் திருப்பி வைப்பது. கண்ணின் மீது சேறு பூசுவது. மின்கலத்தை உருவிக்கொள்வது. அட்டையை எடுத்துத் தம் கருவியில் பார்த்துவிட்டு மீண்டும் இருந்தபடியே செருகிவிடுவது. கடைசியாகச் சொன்னதைப் பலர் குற்றமாகவே கருதுவதில்லை. "பார்த்தேன், எடுக்கவில்லையே" என்கிறார்கள். பன்றி எத்தனை மணிக்கு வருகிறது என்ற செய்திதான் அந்த அட்டையின் பெறுமதி. அதைப் பார்த்துவிட்டு மறுநாள் முந்திக்கொண்டு போய் உட்காருபவர் அட்டையைத் திருடியவரே. தேர்வுத்தாளைப் பார்த்துவிட்டு மேசையில் திருப்பி வைத்த மாணவனை நாம் என்ன சொல்வோம்?

காட்டுக்கும் இதனால் இழப்பு உண்டு. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டுக் காடுகளில் எஞ்சியுள்ள புலிகள் 150-க்கும் குறைவு. அந்தக் கணக்கும் கேமராக்கள் தந்ததே. புலியையும் தாப்பிரையும் கொல்லும் சுருக்குக் கம்பிகளை வைப்பது 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கம்பி வைப்பவர் முதலில் அஞ்சுவது கேமராவுக்குத்தான். "கேமராவைக் கண்டால் உடை" என்பது ஊர் வழக்கமாகிவிட்டால், அதனால் முதலில் மகிழ்பவர் அவரே.

கேட்காமல் வைப்பதும் தவறே

இனி மறுபக்கம். இந்தியாவின் உத்தராகண்டில் உள்ள கார்பெட் புலிகள் காப்பகத்தைச் சுற்றிய கிராமங்களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் திரிஷாந்த் சிம்லாய் 14 மாதங்கள் தங்கி, 270 பேரிடம் பேசி ஆய்வு செய்தார். 2024 நவம்பரில் வெளியான அந்த ஆய்வைப் படித்தபோது என் மனம் கோலா பிலாவிலேயே நின்றது. விலங்குகளைக் கண்காணிக்க வைத்த கேமராக்கள், விறகும் புல்லும் சேகரிக்கப் போகும் பெண்களைக் கண்காணிக்கும் கருவிகளாக மாறிவிட்டன. காட்டில் ஒதுங்கியிருந்த ஒரு பெண்ணின் படம் கேமராவில் விழ, அது உள்ளூர்ச் சமூக ஊடகக் குழுக்களில் பரப்பப்பட்டது. அவர் தன்னாழ்வு நிலை கொண்டவர். சினமுற்ற ஊர்மக்கள் கண்ணில் பட்ட கேமராக்களை எல்லாம் உடைத்துத் தீயிட்டார்கள்.

பெண்களின் நடத்தையே மாறிவிட்டதாகவும் அந்த ஆய்வு சொல்கிறது. முன்பு காட்டில் உரக்கப் பேசிப் பாடிக்கொண்டு போனவர்கள், அந்தச் சத்தத்தால் விலங்குகள் விலகும் என்று அறிந்தவர்கள், கேமராவுக்கு முன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கேமராவைத் தவிர்க்கப் பழகாத வழிகளிலும் சென்றார்கள். புலி உலவும் காட்டில் இது உயிருக்கே ஆபத்து. விலங்கைக் காக்க வைத்த கண், மனிதரை விலங்கின் முன்னால் தள்ளிவிட்டது.

நம் ஓடையோரத்துத் தாய் சொன்னதை நினைத்துப் பாருங்கள். "யாரோ நிக்கிற மாதிரியே இருக்கு." தோட்டத்து வெளிக்காட்டில் வேலை செய்யும் பெண்களுக்குக் கழிவறை இல்லை, உடைமாற்றும் அறை இல்லை. மரமும் புதரும்தான் அவர்களுக்குச் சுவர். என் தாயாரும் அப்படித்தான் முப்பது ஆண்டு உழைத்தார். அந்தச் சுவரில் துளையிட எந்த அலுவலகக் கடிதத்துக்கும் உரிமை கிடையாது. பெர்பத்தே வழக்கப்படி குல நிலம் தாய்வழியாகப் பெண்களுக்குச் செல்லும் மாநிலம் நம் நெகிரி செம்பிலான். அந்த மண்ணில் உழைக்கும் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் நடக்கும் வழியில் கண்ணைக் கட்டி வைத்தோம்.

சட்டம் காக்காதா என்று கேட்பீர்கள். படத்தைக் கேலியாகப் பரப்பியவர் மீது குற்றவியல் சட்டத்தின் 509-ஆம் பிரிவும், 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவும் பாயக்கூடும். 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ வணிக நடவடிக்கைகளுக்கு உரியது. பொழுதுபோக்காகக் கேமரா கட்டும் ஒருவரை அது தொடாது. எனவே சட்டம் வருவது படம் பரவிய பின்பு. பரவாமல் தடுப்பது நம் ஒழுக்கத்தின் கையில்தான் இருக்கிறது.

இரண்டு கடமைகள், ஒரே முடிச்சு

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பலர் நடக்கும் நிலத்தில், "என் கேமராவைத் தொடாதே" என்று சொல்லும் தார்மிக உரிமை, "இங்கே வைத்திருக்கிறேன்" என்று முன்கூட்டியே சொன்னவருக்கே முழுமையாக உண்டு. மறைத்து வைத்தவருக்கும் அவருடைய பொருள் சொந்தம்தான். அதை உடைப்பது தவறுதான். ஆனால் அண்டை வீட்டாரின் மரியாதையை அவர் கேட்டுப் பெறவில்லை. பெறாத ஒன்றை இழந்துவிட்டதாக வருந்துவதில் பொருளில்லை.

இது வெறும் உபதேசமன்று. ஜெர்மனியின் மியூனிக் நகரப் பூங்காக்களில் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து 2014-இல் வெளியிட்டார்கள். ஆளில்லாமல் விடப்பட்ட கருவிகள் சிலவற்றில் மிரட்டும் அறிவிப்பை ஒட்டினார்கள். சிலவற்றில் வெறும் தகவல். சிலவற்றில், இது இன்னாருடையது, இன்ன வேலைக்காக வைத்தது, தயவுசெய்து விட்டுவிடுங்கள் என்பது போன்ற நட்பான சொற்கள். நட்பான சொற்கள் ஒட்டிய கருவிகளே குறைவாகத் தொடப்பட்டன. மிரட்டல் அந்த அளவுக்குப் பயன் தரவில்லை. பெயரில்லாத பெட்டி யாரையும் தடுப்பதில்லை. பெயருள்ள மனிதர் தடுக்கிறார்.

இதற்கு வேட்டை நண்பர்கள் சொல்லும் மறுப்புகளையும் கேட்டேன்.

"இடத்தைச் சொன்னால் திருடன் வருவான், போட்டிக்காரன் வருவான்" என்பது முதல் மறுப்பு. நியாயமான அச்சம்தான். எந்த மரம் என்று சொல்ல வேண்டியதில்லை. எந்த வெளிக்காட்டில், எந்த ஓடைப்பக்கம் என்று அங்கே வேலை செய்பவர்களுக்குச் சொன்னால் போதும். ஒதுங்க வேறிடம் பார்த்துக்கொள்வார்கள்.

"பெயர் எழுதினால் மட்டும் திருடன் விட்டுவிடுவானா?" என்பது இரண்டாவது. விடமாட்டான். பெயர் எழுதுவது திருடனுக்காக அன்று, அண்டைவீட்டாருக்காக. நம் கதையில் உடைத்தவர் திருடர் அல்லர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அந்த மூன்று கேமராக்களில் இரண்டில் பெயர் இருந்திருந்தால், அவை தப்பியிருக்க வாய்ப்பு உண்டு.

"இதற்கெல்லாம் விதி போட்டால் வேட்டையே நின்றுவிடும்" என்பது மூன்றாவது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைப் பாருங்கள். வறண்ட நிலத்தில் ஒரே நீர்நிலையைச் சுற்றிப் பல கேமராக்கள் கட்டப்பட்டன. கேமராக்காரர்களின் ஓயாத நடமாட்டமும், அவர்களுக்குள் மூண்ட பூசல்களும், அது நேர்மையான வேட்டைதானா என்ற கேள்வியும் வளர்ந்தன. இறுதியில் 2022 ஜனவரி 1 முதல் வேட்டைக்குக் கேமராவைப் பயன்படுத்துவதே தடை செய்யப்பட்டது. தாங்களே விதி வகுத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறொருவர் வகுத்துத் தருவார். அது பெரும்பாலும் "கூடாது" என்ற ஒரே சொல்லாக இருக்கும்.

நாம் வகுத்துக்கொள்ளக்கூடியவை

ஆசிரியை அல்லவா, பட்டியல் போடாமல் முடிக்க மனம் வரவில்லை.

கேமரா கட்டுபவர்களுக்கு:

1. பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி ஒட்டுங்கள். கூடவே நட்பாக ஒரு வரி, தமிழிலும் மலாயிலும்.

2. நிர்வாகத்தின் கடிதத்தோடு நிற்காதீர்கள். காலையில் வேலையாட்கள் கூடும் பெரட்டில் மண்டோரை விட்டு அறிவிக்கச் செய்யுங்கள். வேற்று நாட்டுத் தொழிலாளர்களுக்கும் புரியும்படி சொல்லச் சொல்லுங்கள். அருகில் பூர்வகுடிக் கிராமம் இருந்தால் அதன் தலைவரிடமும் நேரில் சொல்லுங்கள்.

3. கொட்டகை, ஓடைத்துறை, வேலையாட்கள் இளைப்பாறும் இடம், வீட்டுப் பின்புறம் ஆகியவற்றை நோக்கிக் கேமராவைத் திருப்பாதீர்கள். பன்றிக்கு முழங்கால் உயரம் போதும், அதுவும் தடத்தை நோக்கி.

4. அட்டையில் உள்ளவற்றை முதலில் தனியாக இருந்து பாருங்கள். மனிதர் இருந்தால், அந்தப் படத்தை அன்றே அழியுங்கள். குழுவில் போட வேண்டியது பன்றியின் படம் மட்டுமே.

5. சுருக்குக் கம்பி வைப்பவரின் படம் கிடைத்தால், அதைப் புலனத்தில் போட்டு நீங்களே நீதி வழங்காதீர்கள். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் ஒப்படையுங்கள்.

6. ஒருவர் முன்பே கட்டியிருக்கும் இடத்தில் போட்டிக்குக் கட்டாதீர்கள். நாள் பிரித்துக்கொள்ளுங்கள். நம் தந்தையர் பங்கு பிரிக்கத் தெரிந்தவர்கள்.

கேமராவைக் காண்பவர்களுக்கு:

1. திறக்காதீர்கள், திருப்பாதீர்கள், மூடாதீர்கள், அட்டையைத் தொடாதீர்கள்.

2. உங்கள் படம் விழுந்திருக்கும் என்று தோன்றினால், அதிலுள்ள எண்ணுக்கு அழைத்து, அழித்துவிடச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

3. எண் இல்லையென்றால் மண்டோரிடமோ தோட்ட அலுவலகத்திலோ சொல்லி, கட்டியவரை வரவழையுங்கள்.

4. தவறான படம் பரவிவிட்டால், கேமராவை உடைக்காதீர்கள். பரப்பியவரின் செய்தியைச் சான்றாக வைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள். குற்றவாளி அந்தக் குழுவில் இருக்கிறார், மரத்தில் இல்லை.

பிறகு...

இளைஞர் அந்தத் தாயின் வீட்டுக்குத் தம் தாயாரோடு வந்து மன்னிப்புக் கேட்டார். தம்பி, தொடர்பில்லாத இருவரின் கேமராக்களுக்கும் தவணை முறையில் பணம் தர ஒப்புக்கொண்டார். கேலி எழுதிப் பரப்பியவர் மட்டும் இன்று வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படிப்பட்ட விவகாரங்களில் உண்மையான குற்றவாளி கூட்டத்தில் ஒளிந்துகொள்வதும், முகம் தெரிந்த இருவர் அடித்துக்கொள்வதும் நாம் அறியாததன்று.

படம் அழிக்கப்பட்டுவிட்டது என்கிறார்கள். எத்தனை கைப்பேசிகளில் இன்னும் இருக்கிறதோ... சொல்வதற்கில்லை.

வகுப்பில் அந்த மாணவனைத் தனியே அழைத்துப் பேசினேன். அவன் அழுதான். மறுநாள் அந்தச் சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டான். அவள் தலையை மட்டும் அசைத்தாள். அவளை இன்னும் கொஞ்ச நாள் முன்வரிசையில், என் மேசைக்கு அருகிலேயே உட்கார வைத்திருக்கிறேன். அவளுடைய தாயார் வேலைக்குப் போகிறார். ஓடைப் பக்கம் போவதில்லையாம். மாற்றுச்சட்டை எடுத்துப் போவதையும் நிறுத்திவிட்டாராம். மழையில் நனைந்தால் நனைந்தபடியே மாலை வரை வேலை செய்கிறாராம்.

துப்பாக்கியைத் தூக்குபவர் எதிரே யார் நிற்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் விசையை அழுத்த வேண்டும் என்பதை என் தந்தையார் சிறு வயதிலேயே எனக்குச் சொல்லியிருக்கிறார். கேமராவைக் கட்டுபவருக்கும் அதே விதிதான். அது குண்டு போல உடலைத் துளைக்காது என்பதற்காக, எதிரே யார் நடப்பார் என்று பாராமல் கட்டிவிட்டு வரலாமா?

வேட்டைக்குப் போகும் அண்ணன் தம்பிமார் யாரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், இதைப் படித்துக் காட்டுங்கள். அடுத்த முறை மரத்தில் பட்டையைச் சுற்றும் முன், அந்த வழியாக நடப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரட்டும்.

சிந்திப்போம். மீண்டும் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை